கொஞ்சம் கஷ்டமாக எழுது

பாலசமுத்திரம்
12-10-1999

சுமித்ராவுக்கு மாமன் கங்கையா ஆசீர்வாதம். அங்கே நீ சுகமா? இங்கே நான் கோபமாக இருக்கிறேன்.

பால் அளந்து கணக்கு வைக்க எங்கள் பால் சென்டருக்கு வந்த கம்ப்யூட்டரோடு, அதை ஓட்டுவது எப்படி என்று நீ எழுதிய புத்தகமும் வந்தது. முப்பத்திரண்டு பக்கத்தையும் சித்தூர் ட்ரெய்னிங்குக்குப் போன பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன். சித்தூர் எஞ்சினியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கங்கையா காரு, நீங்கதான் எங்களுக்கே சொல்லிக் குடுக்கணும்" என்றார். பத்துப் பேர் சாட்சி.

ஆனால் இதென்ன எழுத்து? 'பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு எரியும்வரை காத்திருங்கள்.' சென்டரில் கேன் கழுவுகிற லட்சுமம்மா எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, இவ்ளோதானா? இத நானே பண்ணுவேனே" என்கிறாள். அவள் அஞ்சாங்கிளாஸ். அப்புறம் செக்ரட்டரி என்று நான் எதற்கு? நாலு எழுத்து தெரிந்தவன் என்றுதான் இந்த ஊர் என்னை மதிக்கிறது. அடுத்த புத்தகத்தைக் கொஞ்சம் கஷ்டமாக எழுது. இங்கிலீஷ் கலந்து எழுது.

கங்கையா,
செக்ரட்டரி

பெங்களூரு
15-10-1999

அன்புள்ள மாமா,

கஷ்டமாக எழுத எனக்குச் சம்பளம் இல்லை. வருகிற திங்கட்கிழமை மெஷினை முதலில் ஓட்டும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதை நான் திருத்த வேண்டும்.

சுமித்ரா

பாலசமுத்திரம்
20-10-1999

சுமித்ராவுக்கு,

நான் எங்கேயும் தடுமாறவில்லை. உன் புத்தகம்தான் தடுமாறியது. திங்கட்கிழமை நவமி. நவமியில் எவனாவது புது வேலை தொடங்குவானா? கம்ப்யூட்டரில் தேதியை ஒரு நாள் தள்ளி விஜயதசமி ஆக்கி, கற்பூரம் காட்டி ஆரம்பித்தேன். எஞ்சினியருக்கே தோன்றாத யோசனை.

ராத்திரி தேதியைப் பழையபடி வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஜனம் வந்தால், இன்றைய பாலை எல்லோரும் ஊற்றியாகிவிட்டது என்று சொல்லி அந்த மெஷின் ஒருத்தர் பாலையும் ஏற்கவில்லை. அறுபது கேன் வெயிலில் திரிந்து போனது. கடைசியில் லட்சுமம்மா உன் புத்தகத்தைப் புரட்டி, தப்பான தேதியில் ஏறிய கணக்கைத் திருத்தும் பக்கத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தாள். இனி மெஷினில் அவள்தான் உட்காருவாளாம், பால் சங்கத்துப் பிரசிடெண்ட் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டருக்கு நாள் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? படித்தவள்தானே நீ?

கங்கையா,
இப்போதைக்குச் செக்ரட்டரி

பெங்களூரு
24-10-1999

மாமா,

எழுதிவிட்டேன். புதுப் புத்தகம் நாலாம் பக்கம்: 'நல்ல நாளுக்காகத் தேதியை மாற்றாதீர்கள். பாலசமுத்திரத்தில் ஒருவர் மாற்றினார். அறுபது கேன் பால் கெட்டது.'

கோபத்தோடுதான் எழுதினேன். திருப்பதி ஹாஸ்டலில் இருந்து எனக்கு லெட்டர் வந்தபோது அம்மா அதை உங்களிடம்தான் கொண்டுவந்தாள். "அடுத்த மாசம் போனா போதும்" என்றீர்கள். போனோம். இடம் கொடுத்து முடித்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஒரு வருஷம் படிப்பை விட்டு வேர்க்கடலை பிடுங்கினேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். யார் வாசலிலும் போய் நிற்காமல் அவளே புரிந்துகொள்வாளா என்று பார்த்துத்தான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன்.

சுமித்ரா

பாலசமுத்திரம்
9-11-1999

சுமித்ராவுக்கு,

'ஒருவர்' யார் என்று ஊருக்குத் தெரியாதா? பலமனேர் வரை சிரிக்கிறார்கள். உனக்கும் எனக்கும் இனிப் பேச்சு இல்லை. இதுதான் கடைசிக் கடிதம்.

நேற்று நானும் கேனோடு வரிசையில் நின்றேன். லட்சுமம்மா மெஷின் அடித்த பால் சீட்டை நீட்டி, "படிச்சுப் பாத்துக்கண்ணா, தமிழ்லதான் கீது" என்றாள். திமிர்.

அந்த ஹாஸ்டல் லெட்டர் இங்கிலீஷில் இருந்தது. என் பேரை எழுதுவதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வராது. உன் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

இதையும் உன் புத்தகத்தில் போட்டுவிடாதே.

கங்கையா