எக்ஸ்ரே படிப்புக்குப் பதினான்கு இடம்

மெம்ஃபிஸுக்கு வடக்கே, ஆற்றின் நடுவில்
பிப்ரவரி 6, 1995

அன்புள்ள டார்லா கண்ணுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், என் அடுப்பு, ஆறு மூன்றும் நல்லபடி. உன் அம்மா நெட்டிக்கு முட்டிவலி தேவலையா? கூடப்பிறந்தவன் ஒருவன் ஆற்றில் கிடக்கிறானே என்று அவளும் ஒரு வரி எழுதலாம்.

எக்ஸ்ரே படிப்பில் சேர்வதற்கான விதிமுறைத் தாளை அனுப்பியிருந்தாய். கையில் மாவோடு அடுப்படியிலேயே நின்று படித்தேன். படித்த அதிர்ச்சியில் ஒரு தட்டு பிஸ்கட் கருகிவிட்டது. இந்த இழுவைப் படகில் இருபத்தாறு வருஷமாகச் சமைக்கிறேன், கருகியது இதுதான் முதல் தடவை. பர்ல் கேப்டன் வேறு கணக்குச் சொல்வார், நம்பாதே.

பதினான்கு இடத்துக்கு நூற்றறுபது பேரா? அது சமுதாயக் கல்லூரியா, சொர்க்க வாசலா? அம்மை ஊசி போட்ட சான்று, காசநோய்ச் சோதனை, ஐம்பது பவுண்டு தூக்குவாள் என்று டாக்டர் கையெழுத்து, போலீசில் பெயர் இல்லை என்று ஒரு தாள். நான் இந்தப் படகில் சேர்ந்தபோது அப்போதைய கேப்டன் கேட்டது ஒரே கேள்வி. "நீந்தத் தெரியுமாடா?" "தெரியாதுங்க." "அப்ப விழாதே." அவ்வளவுதான், வேலை கிடைத்தது.

அந்தப் புள்ளிப் பட்டியலை மூன்று தரம் படித்தேன். நம் மாவட்டத்தில் குடியிருந்தால் மூன்று புள்ளி. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்திருந்தால் இரண்டு. எல்லாவற்றுக்கும் புள்ளி போடுகிறார்கள் என்பது மட்டும் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது.

நீ சேர்ந்தாகிவிட்டது என்று படகு முழுக்கச் சொல்லிவிட்டேன். பர்ல் தன் தோள்பட்டையை உன்னிடம்தான் படம் எடுத்துக்கொள்வாராம், அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்கிறாராம்.

உன் மாமா,
ஹோபர்ட் ஸ்டாம்பர்
தலைமைச் சமையல்காரர்


டாசன் ஃபெர்ரி, கென்டக்கி
பிப்ரவரி 13, 1995

அன்புள்ள ஹோபர்ட் மாமாவுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. படகில் தலைமைச் சமையல்காரர் என்றால் மற்ற சமையல்காரர்கள் எங்கே என்று கேட்கச் சொன்னாள்.

நான் இன்னும் சேரவில்லை மாமா. தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களிடம் இரண்டு வருஷமாக மறைத்த ஒன்றை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

தொடை எலும்பு முறிந்து ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களே, அப்போது கல்லூரிக்கு விடுமுறை என்று சொல்லிக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே இருந்தேன். விடுமுறையெல்லாம் இல்லை. உடற்கூறு வகுப்புக்குப் போகவில்லை, பெயரை எடுத்துவிடும்படி எழுதிக்கொடுக்கவும் தோன்றவில்லை. தோல்வி என்று எஃப் போட்டுவிட்டார்கள். மறுபடி படித்து ஏ வாங்கிவிட்டேன். ஆனாலும் பழைய எஃப்பையும் சேர்த்துத்தான் சராசரி பார்ப்பார்களாம். நாலுக்கு இரண்டரை இருந்தால்தான் மனுவையே எடுப்பார்கள். எனக்கு இரண்டேகால்.

ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொண்டதால் வகுப்பு தவறியது என்றால் முறையீடு செய்யலாம், அந்த எஃப்பை நீக்கிவிடுவார்கள். அதற்கு நோயாளியே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதவேண்டும். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, நேராகக் கல்லூரிக்கு அனுப்பவேண்டும். நான் அதைப் பார்க்கவே கூடாது. ஆஸ்பத்திரிப் பதிவை அவர்களே வரவழைத்துக்கொள்வார்கள். மார்ச் 15, மாலை நாலரை மணிக்குள் போய்ச் சேரவேண்டும்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் இல்லை. நான் 1990இல் படித்த உயிரியல் ஐந்து வருஷம் தாண்டினால் செல்லாது. இந்தத் தடவை விட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் இன்னும் எத்தனை வருஷம் போர்வை மடிப்பது?

நாலு வரி போதும் மாமா. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த ஆஸ்பத்திரி, நான் கூட இருந்தேன், அவ்வளவுதான். படகு ரேடியோவில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஆறு முழுக்கக் கேட்குமே என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
டார்லா


கிரீன்வில்லுக்கு அருகே
பிப்ரவரி 21, 1995

என் கண்ணே டார்லா,

உன் கடிதத்தைப் படித்ததும் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். விடுமுறை இல்லையா? ஆறு வாரமும் சீட்டாட்டத்தில் என்னிடம் தோற்றுக்கொண்டு அங்கே வகுப்பைத் தொலைத்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைக் கழுத்தைப் பிடித்துக் கல்லூரிக்குத் தள்ளியிருப்பேனே, ஒற்றைக் காலில் நின்றாவது. அந்த எஃப் உன் பெயரில் இருக்கிறதே தவிர, அது என்னுடையது. இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அதாவது முதல் ராத்திரி.

இனி நீ கவலைப்படாதே. கடிதம் எழுதி, ஒட்டி, உறைமேல் கையெழுத்துப் போட்டு, நேற்று கரையில் தபாலில் சேர்த்துவிட்டேன். நாலு வரியா? நாலு பக்கம். மாமாவை யாரென்று நினைத்தாய்?

எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து மாதிரியே இருக்காது, கேள். ஆறு பொங்கி வருகிறது. நிலக்கரி மிதவைகளைக் கட்டிய இரும்பு வடம் முறுகுகிறது. பர்ல் முதுகைக் காட்டி நிற்கிறார். வடம் அறுந்து சாட்டைபோல் வருகிறது. சமையலறையிலிருந்து ஒரே தாவலில் நான் அவரைத் தள்ளிவிட, வடம் என் தொடையில் விழுகிறது. இந்த இடத்தைப் பர்லுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏம்ப்பா ஹோபர்ட், இது எப்ப நடந்துச்சு?" என்றார். அவருக்கு மறதி.

உன்னையும் விடவில்லை. நாற்பது நாள் சோறு தண்ணீர் இல்லாமல் பக்கத்தில் இருந்தாய் என்று எழுதியிருக்கிறேன். இதற்குக் குறைந்தது ஐந்து புள்ளி போடாவிட்டால் அவர்கள் மனுஷரே இல்லை.

உன் மாமா,
ஹோபர்ட்


டாசன் ஃபெர்ரி
பிப்ரவரி 28, 1995

மாமா,

எந்த வடம்?

நம் வீட்டுக் கோழிக்கொட்டகைக் கூரையில் டி.வி. ஏரியல் கட்ட ஏறினீர்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று நீங்கள் சொன்னதுகூடக் காதில் இருக்கிறது. அதைப் போய் எனக்கே வடம் என்று எழுதுகிறீர்களே, படித்ததும் ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிப் பதிவில் கோழிக்கொட்டகை என்றுதான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள் மாமா. உடனே இன்னொரு கடிதம் எழுதுங்கள். முதல் கடிதம் தவறு, இதுதான் உண்மை என்று. பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

டார்லா


நாட்செஸுக்குக் கீழே
மார்ச் 20, 1995

அன்புள்ள டார்லாவுக்கு,

ஆற்றில் தண்ணீர் ஏறிப் பதினெட்டு நாள் எங்களைக் கரையோரம் கட்டிப்போட்டார்கள். உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. தேதி தாண்டிவிட்டது, என்ன செய்ய?

நீ பதறாதே. ஏணி என்பதும் ஒருவகையில் சரிதான். ஆனால் யோசித்துப் பார். ஊசிக்குப் புள்ளி, வீட்டு விலாசத்துக்குப் புள்ளி என்று கொடுக்கிறவர்கள் ஏணிக்கு என்ன புள்ளி கொடுப்பார்கள்? காரியம் பெரிதாக இருந்தால்தானே பெரிய புள்ளி விழும்? உனக்காகத்தான் பெரிதாக்கினேன். அதுவும் அளவாக. பர்லோடு சேர்த்து மூன்று பேரைக் காப்பாற்றுவதாக இருந்தேன், இரண்டு பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

நல்ல சேதி வரும், பார்.

மாமா


டாசன் ஃபெர்ரி
ஏப்ரல் 24, 1995

மாமாவுக்கு,

கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "முறையீட்டுடன் வந்த கடிதமும் மருத்துவமனைப் பதிவும் முரண்படுகின்றன. முறையீடு ஏற்கப்படவில்லை. தவறான தகவல் அளித்ததால் இக்கல்லூரியின் இடவரம்புள்ள படிப்புகள் எதற்கும் மனுதாரர் மூன்று ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்க இயலாது."

மனுதாரர் என்றால் நான்.

எக்ஸ்ரே மட்டுமில்லை. நர்ஸிங், பல் சுத்தம் செய்யும் படிப்பு, எல்லாமே. கடிதத்தை அம்மாதான் பிரித்தாள். படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. வேலைக்குப் போனேன். போர்வை மடித்தேன்.

டார்லா


கெய்ரோ படகுத்துறை
மே 5, 1995

டார்லாவுக்கு,

பர்லிடம் இரண்டு நாள் லீவு கேட்டுப் படகிலிருந்து இறங்கினேன். கல்லூரிக்குப் பன்னிரண்டு மைலும் நடந்தே போனேன். சரி, நாலு மைல். மீதிக்கு ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

மனு வாங்கும் ஜன்னலில் மிஸஸ் ட்ரென்ட் என்று ஓர் அம்மாள் இருந்தார். பெயரைச் சொன்னதும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கேப்டனைக் காப்பாத்தினவரு நீங்கதானா?"

"இல்லைங்க. ஏணியிலேருந்து விழுந்தேன்."

"அதையே எழுதியிருக்கலாமே."

"ஏணிக்குப் புள்ளி விழாதுன்னு நினைச்சேன்."

"புள்ளியா? அந்தக் கடிதத்துக்குப் புள்ளியே கிடையாதுங்க. தேதி ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் பார்ப்போம். ஒரு வரி இருந்தாலே எஃப்பை எடுத்திருப்பாங்க. அந்தப் பொண்ணு பதினோராவதா வந்திருப்பா."

பதினோராவது. பதினான்கு இடத்தில் பதினோராவது, டார்லா. இப்போதே உட்கார்ந்து உண்மையை எழுதித் தருகிறேன், தண்டனையை என் பெயரில் போடுங்கள் என்றேன்.

"நீங்க இங்க எதுக்கும் மனு போடலையே சார். உங்க பேர்ல எதை நிறுத்துறது?"

எனக்குப் பின்னால் ஒரு பெண் கையில் உறையோடு நின்றிருந்தாள். அவளுக்கு வழி விட்டேன்.

உன் வீட்டுக்கு அரை மைல் வரைக்கும் வந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை. பெட்ரோல் பங்கில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். நான் ஏணியிலிருந்து விழுந்தேன். நீ ஆறு வாரம் என் பக்கத்தில் இருந்தாய். உனக்காக நான் எழுதவேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஹோபர்ட் மாமா


டாசன் ஃபெர்ரி
ஜூன் 12, 1995

மாமாவுக்கு,

நீங்கள் வந்துவிட்டுத் திரும்பியது தெரியும். பங்க்காரர் சொன்னார். அம்மா அழுதாள். நான் அழவில்லை.

வேறொரு கல்லூரிக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். வேறு மாநிலம். அங்கே உயிரியலுக்கு ஏழு வருஷம்வரை செல்லுபடி உண்டு, சராசரிக்குக் கடைசியாக வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். யாருடைய கடிதமும் கேட்கவில்லை.

எந்த ஊர், எந்தக் கல்லூரி, என்றைக்கு முடிவு, எதையும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. கோபத்தில் எழுதவில்லை மாமா, நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்கள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள், எனக்கு உதவிசெய்வீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

டார்லா


மெம்ஃபிஸுக்கு வடக்கே
ஜூன் 21, 1995

டார்லாவுக்கு,

பதில் வேண்டாம் என்றிருந்தாய். இது பதில் இல்லை, உன் கடிதம் வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு வரி.

இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் பர்ல் கேட்டார். "என்னப்பா, உன் மருமக படிப்பு என்னாச்சு? என் தோள்பட்டை காத்துக்கிட்டு இருக்கு." எல்லாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். கதைக்குத் தயாராக ஒருவன் ரேடியோவைக்கூட நிறுத்தினான்.

"தெரியாதுங்க," என்றேன்.

கதை வரும் என்று காத்திருந்தார்கள். பிறகு பீன்ஸ் கிண்ணத்தைக் கைமாற்றிச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

மாமா