கியர் பெட்டியில் கடல் மணல்

மணமேல்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் மனைவி ஷர்லி எழுதுவது. நானும் அத்தையும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அத்தைக்குக் கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. மஸ்கட் வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மேல் கோபமாக இருக்கிற நாளிலும் அதைக் கேட்காமல் விட்டதில்லை.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "தம்பிகிட்டக் குடு" என்கிறீர்கள். உங்கள் ரூமில் தங்கியிருக்கும் ரத்தினவேல் அண்ணன் லீவு முடிந்து நாளை கிளம்புகிறார். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா.

கார் விஷயம்தான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அத்தையை டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். அறந்தாங்கியில் பாலம் ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடியது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரு வழியாகப் பின்னோக்கி உருட்டி ஓரம் கட்டினேன். பின் சீட்டில் அத்தை வேர்த்துக் கொட்டி, என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாடகை வண்டி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் போன் செய்தது உங்கள் தம்பி நிலவழகனுக்கு. நான் கிளட்சில் கால் வைத்தபடியே ஓட்டிக் கெடுத்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். பிறகு என்னிடம் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பொம்பள ஓட்டுனா கிளட்ச் தாங்குமா? சாவிய அழகன்கிட்டக் குடுத்துரு." உங்கள் அம்மா எப்படி வீடு வந்து சேர்ந்தார்கள் என்று கேட்கவே இல்லை.

நான் சாவியைக் கொடுக்கவில்லை. வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யார் கெடுத்தது என்று தெரியாமல் பழியை வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. போனில் வீடியோக்கள் பார்த்துச் சோதித்தேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, நாலாவது கியர் போட்டு மெல்ல கிளட்சை விட வேண்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். நம் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கருகல் வாடை வந்தது. பிளேட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் இப்படி ஆகுமாம், அதனால் முதலில் அதன் நட்டைத் தளர்த்திப் பார்த்தேன். பலனில்லை. கியர் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

மெக்கானிக் முனியசாமியை வீட்டுக்கே வரவழைத்தேன். பின்பக்கம் முற்றத்தில் கட்டைகளை அடுக்கி வண்டியை ஏற்றி நிறுத்தினோம். பெட்டி இறங்கும்போது அடியில் ஜாக்கைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது நான். தெருவே எட்டிப் பார்த்தது. உங்கள் தம்பி ஒரு தடவை வந்து பார்த்தார். தன் படகில் அவசர வேலை என்று கடற்கரைப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை.

பெட்டியைப் பிரித்து எடுத்ததும் உள்ளேயிருந்து மணல் கொட்டியது. சிப்பித் தூள் கலந்த கடல் மணல். பிளேட் ஆணிகள் தெரியுமளவுக்குத் தேய்ந்து, கரிந்து கிடந்தது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நான் போவது தார் ரோடு மாமா. அந்த வழியில் எங்கே கடல் இருக்கிறது? பின்னால் குனிந்து பார்த்தேன். இழுவைக் கொக்கியில் நீல நைலான் கயிற்றின் நார் சுற்றியிருந்தது. முனியசாமி, "இத வச்சு படக இழுத்திருக்காங்க ஆத்தா," என்றார். டிராக்டர் இழுக்க வேண்டிய படகை, உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற கார் இழுத்திருக்கிறது.

கை கழுவாமலே அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் ஆத்தா. டிராக்டர்காரன் வரலையாம், அவன் என்ன செய்வான்? நீ தூங்குறப்ப சாவிய நான்தான் எடுத்துக் குடுத்தேன். பெரியவன்கிட்டச் சொல்லிப்புடாத. சின்னவன ஒரு வார்த்த சொன்னா குடிக்கப் போயிருவான். ஒன்னயத் திட்டுனா நீ தாங்குவ."

பாலத்தில் லாரிக்காரன் திட்டியபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு வந்தது. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்தக் கையை இத்தனை நாள் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். என் மேல் பழி விழுவதை இதே வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அடுத்த நாளும் வழக்கம்போல உப்பில்லாக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

புது கிளட்ச் செட் மாட்டியாகிவிட்டது. பழையபடி சோதித்தேன், எஞ்சின் சட்டென்று நின்றது. போன செவ்வாய் அத்தையைக் கூட்டிப் போய் வந்தேன். வழி நெடுக அவர்கள் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

சாவியைக் கொடு என்றீர்கள். வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, கொடுத்துவிடுகிறேன். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன் எழுந்து, அத்தையைத் தூக்கி உட்காரவைத்து, வழியில் வாந்தி எடுத்தால் பையைப் பிடித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்து, சேலை மாற்றிவிட்டுத் திரும்பக் கூட்டி வருவதும் அந்தச் சாவியோடு சேர்ந்ததுதான். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பேன், தனித்தனியாகத் தரமாட்டேன். சம்மதமா என்று உங்கள் தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் எழுதியது அத்தைக்குத் தெரியாது. போனில் அவர்களைக் கேட்டு அழவைத்துவிடாதீர்கள், அழுதால் மூச்சு வாங்குகிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். அடுத்த தடவை போன் செய்யும்போது முதலில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு தடவையாவது கேளுங்கள். காரைப் பற்றிக் கேட்க வேண்டாம், அது நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஷர்லி