நான்காவது கோடு

ஹட்டன் பஸ் நிலையத்தில் நேற்று பக்கத்தில் இருந்தவர் அச்சாறு போத்தலைத் திறந்தார். வினாகிரி வாசம் முகத்தில் அடித்தது. நம் ஆய்வுகூடம் ஞாபகம் வந்துவிட்டது. ஜெல் தகட்டில் மிஞ்சிய நீலச் சாயம் போக நாம் ஊறவைத்த அமிலத்துக்கும் இதே வாசம்தான்.

நோர்வூட்டில் உங்கள் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் உன் அப்பா வைத்திருந்த தேனீப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அழிந்தபோதுதான் நீ இந்த ஆய்வுக்கு வந்தாய். ராணியாக வேண்டிய கூட்டுப்புழுக்கள் அறைக்குள்ளேயே கறுத்துக் கிடந்தன. அவற்றை அரைத்து, வடித்து, அவற்றைக் கொன்ற வைரஸை மட்டும் பிரித்தெடுத்தோம். அதன் ஓடு எந்தெந்தப் புரதங்களால் ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜெல்லில் ஓடவிட்டால் ஒவ்வொரு புரதமும் தன் எடைக்கேற்ற இடத்தில் ஒரு நீலக் கோடாக நிற்கும். மூன்றை எதிர்பார்த்தோம். எல்லாவற்றுக்கும் கீழே, மங்கலாக, நான்காவதும் நின்றது.

பேராசிரியர் பார்த்துவிட்டு, "தேனீயோட புரதம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அதை விட்டுருங்க," என்றார். நான் தலையாட்டினேன். நீ ஆட்டவில்லை.

அவர் போனதும் என்னிடம், "நோயில்லாத புழுவையும் இதே மாதிரி அரைச்சு ஓட்டிப் பாப்போம்டி. அதுலயும் இந்தக் கோடு வந்தா சார் சொல்றதுதான் சரி. விட்டுர்றேன்," என்றாய்.

உனக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. தலையில் துணி கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வருவாய். நோயில்லாத பெட்டி தேடி மழையில் டிக்கோயாவுக்குப் பஸ் ஏறியதும் நீதான். "வீட்ல இரேன்டி" என்றால், "வீட்ல இருந்தா நோயாளி. இங்க வந்தா ஆராய்ச்சிக்காரி. எது நல்லாருக்கு, நீயே சொல்லு," என்பாய்.

நோயில்லாத புழுவை ஓட்டிய இடத்தில் அந்தக் கோடு இல்லை. நம் கோட்டை வெட்டியெடுத்து வெளிநாட்டுக்குச் சோதனைக்கு அனுப்பினோம். பதில் வந்தபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். "வைரஸோடதுதான்," என்று உன் காதருகே சொன்னேன். கண்ணை மூடியபடியே சிரித்தாய்.

"சார்கிட்ட போய்ச் சொல்லிக் காட்டாத. அவரு சந்தேகப்பட்டதாலதான் நம்ம ஒழுங்கா பாத்தோம்."

கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டவர் அவர்தான். அதைப் பார்க்க நீ இல்லை.

இப்போது என்னிடம் வேலை செய்பவர்கள் என் முடிவை மறுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அது அடங்கியதும் நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "சரி, எப்புடிச் சோதிச்சுப் பாக்கலாம்?" என்று கேட்கிறேன். அது என் சுபாவம் இல்லை. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.