அம்மா நம்பும் வக்கீல்

தாயில்பட்டி
சனிக்கிழமை இரவு

அன்புள்ள பாலகுரு அண்ணனுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே அண்ணா, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. பகலில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதமும் உனக்கு வரும். அதில் இங்கே எல்லோரும் சுகம், வேளைக்குச் சாப்பிடு, பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வராதே என்று இருக்கும். நானும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சாமியைக் கும்பிடுகிறேன். ஆனால் இங்கே சுகமில்லை.

அப்பா எப்படிச் செத்தார் என்ற விசாரணை வியாழக்கிழமை சிவகாசியில் ஆரம்பித்தது. நானும் அம்மாவோடு போனேன். உங்க தரப்புக்கு வக்கீல் உண்டா என்று அதிகாரி கேட்டார். அம்மா பக்கத்து நாற்காலியைக் காட்டி, இந்தா இருக்காகளே என்றாள். அவர் அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் வக்கீல் அண்ணா. பதினாறாம் நாள் நம் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாரே, நீகூட இலை போட்டாயே, அவர்தான். தங்கச்சி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டதில் அம்மா நம் ஆள் என்றே நம்பிவிட்டாள். விசாரணை முடிந்ததும் அவர் முதலாளி காரில் ஏறிப் போனதைச் சொன்னேன். பெரிய மனுசங்க கார்ல போகாம உன்னைய மாதிரி நடந்தா போவாக என்று என்னைத்தான் வைதாள்.

அவர் இருட்டின பிறகு வந்து அம்மாவுக்குச் சொல்லித்தருகிறார். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரை யாரும் கூப்பிடலைன்னு மட்டும் சொல்லுங்க தங்கச்சி, மத்ததை நான் பாத்துக்கிடுதேன் என்கிறார். அப்படிச் சொன்னால் லீவு நாளில் அப்பா வெடிமருந்து திருடப் போனதாக எழுதிவிடுவார்கள். அன்று அம்மா குழாயடியில் இருந்தாள். ஃபோர்மேன் தனுஷ்கோடி வாசலில் நின்று, ஏலே சங்கையா, நேத்து மிச்சம் வச்ச மருந்து சூடேறுது, வந்து அப்புறப்படுத்திட்டுப் போ என்று கூப்பிட்டதைக் கேட்டவள் நான் மட்டும்தான். அப்பா சட்டைகூடப் போடாமல் ஓடினார். கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது.

நேற்று பள்ளிக்கூடம் போகிற வழியில் தனுஷ்கோடி சைக்கிளை மறித்து, அன்னைக்கு நீ வீட்ல இல்லைல்ல தாயி என்று சிரித்துக்கொண்டே கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்போதிலிருந்து சோறு இறங்கவில்லை. உனக்குப் போன் பண்ணலாம் என்றால் பூத் அவன் மச்சினனுடையது.

விசாரணை நடந்த ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கேட்டேன். உங்க பக்கம் ஒரு வக்கீல் எந்திரிச்சு, இந்தப் பிள்ளையையும் விசாரிங்கன்னு சொல்லணும் தாயி, இல்லைன்னா உன்னைய யாரு கேக்கப் போறாக என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சாட்சி சொல்லும் முறை. உங்கள் சட்டக் கல்லூரி சார் ஏழைகளுக்கு வாதாடுவார் என்றாயே, அவரைக் கூட்டிக்கொண்டு வா. அம்மா வராதே என்றாலும் வா. இங்கே வருகிற கம்பெனிக்காரர் நம் வக்கீல் இல்லை என்று நீ சொன்னால்தான் அம்மா நம்புவாள். நான் சொல்லத் தயாராக இருக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீ பக்கத்தில்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள். யாரு, நம்ம வக்கீலய்யாவா, வாங்க வாங்க என்கிறா