அந்தச் சோறு என்ன ஆயிற்று

நவம்பர் 18, செவ்வாய்.

நாவலின் பதினோராம் அத்தியாயத்தை ஆறாவது முறையாகத் திருத்தி முடித்தேன். கதாநாயகன் அப்பாவோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் எழுந்து மும்பைக்கு ரயிலேறும் இடம். சாயங்காலம் என் மனைவி ஜெசி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அவன் பாட்டுக்கு எந்திச்சுப் போயிட்டான். பொண்டாட்டி போட்டு வச்ச சோறு கெடக்குல்லா, அத அவ என்ன செஞ்சா?"

"அது கதைக்குத் தேவையில்ல."

"உங்களுக்குத் தேவையில்ல. ஆக்குனவளுக்குத் தேவைதான்லா" என்று சட்டியோடு உள்ளே போய்விட்டாள்.

ஆற்றில் நிலா விழுவதற்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளிடம் போய் வாசித்தேனே.

அவள் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே கதாநாயகனின் மனைவி வரும் இடங்களை இப்போது தேடிப் பார்த்தேன். பதினோரு அத்தியாயங்களில் கதவைத் திறக்கிறாள், காபி வைக்கிறாள், அழுகிறாள். அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

கோபத்தில் இன்று நானும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். மீதிச் சோற்றை ஜெசி என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.