பச்சை வண்டியின் கதவுகள்

7-2-1960, ஞாயிறு

மறுபடியும் தோற்றேன். நாலாவது தடவை. மூன்று நிமிஷம், வெறும் மூன்றே நிமிஷம்.

பெருமாள்மலை டீக்கடை வாசலில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, என் வண்டியின் இரண்டு கதவுகளையும் நானே ஸ்பேனர் போட்டுக் கழற்றிச் சுருளிவேல் கையில் கொடுத்தேன். அதுதான் எங்கள் பந்தயச் சட்டம். மலையடிவாரம் காட்ரோட்டில் கிளம்பி, கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலை வரை ஏற வேண்டும். ஜெயித்தவன் எந்தச் சாமானைக் கேட்கிறானோ அதைத் தோற்றவன் தன் கையாலேயே கழற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு சாமான். ஜோடியாக இருந்தால் ஜோடியே ஒன்று. பணப் பேச்சு கிடையாது. பணம் இரண்டு பேரிடமும் இருக்கிறது. சாமான்தான் கிடைப்பதில்லை. சீமையிலிருந்து உதிரி சாமான் வருவது அநேகமாக நின்றே போய்விட்டது.

இந்தச் சட்டத்தை எழுதியவன் நான்தான். யாரைக் குறை சொல்ல?

முதல் தடவை முன்கண்ணாடி போயிற்று. அடுத்தது மேல் டாப்பு, கம்பியோடு. மூன்றாவது, முதுகில் மாட்டியிருந்த ஸ்டெப்னி. இப்போது கதவுகள். தாண்டிக்குடி எஸ்டேட் துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன வண்டி. இரண்டே சீட்டு, கரும்பச்சை. “பத்திரமா வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றாகத்தான் வைத்துக்கொண்டேன்.

சுருளிவேல் ஆயக்குடிக்காரன், கொய்யாத் தோப்பு முதலாளி. அவனுடையதும் அதே ஜாதி வண்டிதான், சிவப்பு; என்னுடையதைவிடப் புதுசு. ஜெயித்தாலும் அவனுக்கு மரியாதை குறைவதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். “ஏனுங்க ஜமாலு, சிரமம் பாக்காம அந்தக் கதவ மட்டும் கழட்டிக் குடுத்துருங்க” என்கிறான், பந்தியில் உப்புக் கேட்கிற மாதிரி. கொடுத்து முடித்ததும் ஒரு கூடை கொய்யாப்பழம் நீட்டுவான். நாலு தோல்விக்கு நாலு கூடை.

திண்டுக்கல் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி நர்கீஸ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“ஏறி எறங்கச் சௌகரியமாத்தான் இருக்கு” என்றாள்.

நான் பழத்தை மட்டும் தின்றேன். பழம் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்தான்.

9-2-1960

கதவு இருந்த இடத்தில் எருமைத்தோல் வார் கட்டியாயிற்று. இனி வளைவில் வெளியே விழ மாட்டேன்.

4-3-1960, வெள்ளி

நோன்புக் காலம். பந்தயம் இல்லை, வேலை உண்டு.

பவுல்ராஜ் எஞ்சினின் தலையைக் கழற்றிவிட்டான். அவன் அப்பா பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். இவன் கார் மெக்கானிக் ஆன பிறகும் அரத்தை விடவில்லை. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற வழிகளை, சாவி ராவுகிற மெல்லிய அரத்தால் ஐந்து நாளாக வழவழப்பாக்கிக்கொண்டிருக்கிறான். “உள்ள வெரல விட்டுப் பாருங்க மொதலாளி. ஈ உக்காந்தாக்கூட வழுக்கி விழணும்” என்றான். விட்டுப் பார்த்தேன். ஈ விழும்.

ஒரு குறைதான். எஞ்சின் எண்ணெய் கிளச்சுப் பக்கம் கசியாமல் தடுக்கிற தோல் வளையம் தேய்ந்துவிட்டது. புதுசு கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன? தோல்தானே? நாங்கள் மூன்று தலைமுறையாக ஆவாரம் பட்டையில் தோல் பதனிடுகிறவர்கள். எங்கள் தோல் லண்டனுக்குக் கப்பல் ஏறுகிறது. எங்கள் தோல் ஷாப்பில் நானே நல்ல தோலாகப் பொறுக்கி, நானே வட்டம் வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறப் போட்டேன்.

பவுல்ராஜ், “இது சூடு தாங்குமா மொதலாளி?” என்றான்.

தோலைப் பற்றி எனக்கா பாடம் நடத்துகிறாய் என்று கேட்டேன். மாட்டிவிட்டான்.

28-3-1960

பெருநாள். மத்தியானத்துக்கு மேல் நர்கீஸை ஏற்றிக்கொண்டு தாடிக்கொம்பு தாண்டி அகரம் வரை போனேன். எஞ்சின் குரலே மாறிவிட்டது. கண்ணாடி இல்லாததால் காற்று முகத்தில் அறைகிறது. முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நர்கீஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். வயலில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

இந்தத் தடவை எனக்குத்தான்.

8-5-1960, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

டம் டம் பாறை வரை பறந்தேன். அதற்கு மேல் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளச்சு வழுக்குகிறது. நிறுத்தி, ஆறவிட்டு, பத்து வளைவு ஏறி, மறுபடி நிறுத்தி — கடைசியில் சர்வீஸ் பஸ் என்னை முந்திக்கொண்டு போயிற்று. பஸ்ஸில் இருந்தவர்கள் கை காட்டினார்கள். நாற்பது நிமிஷம் பிந்தினேன். நாற்பது!

சுருளிவேல் முன் மட்கார்டு ஜோடியைக் கேட்டான். கழற்றிக் கொடுத்தேன். அதோடு விடவில்லை.

“அடுத்த தடவ எஞ்சினத்தானுங்க கேப்பேன். இப்பவே சொல்லிப்போட்டா உங்களுக்கும் மனசு கொஞ்சம் தயாராகிக்குமல்லங்க.”

எஞ்சினைக் கேட்கக் கூடாதென்று சட்டத்தில் நான் எழுதவில்லை. பந்தயத்துக்கு வராதவன் தோற்றவன் என்று மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். புத்தி. செப்டம்பர் முதல் ஞாயிறு என்று நாள் குறித்தாயிற்று.

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. பெற்ற பிள்ளை என்று பாராமல் அத்தா ஷாப்பு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “எஞ்சின் போச்சுன்னா மிச்சத்தப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்டுரு. நம்ம வாசல்ல எலும்புக்கூடு நிக்கக் கூடாது. சொல்லு, போட்டுர்றேன்னு சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? என்ன திமிரு எனக்கு? கையில இருக்குற ஒத்த வண்டிய வச்சுக் காப்பாத்தத் துப்பில்ல, வாய் மட்டும் இம்புட்டு நீளம்.

கொய்யாக் கூடையை வழியிலேயே செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

10-5-1960

பவுல்ராஜ் எஞ்சினைப் பிரித்தான். உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சுருங்கி, முறுக்கிக்கொண்டு, விறைத்துப் போன ஒரு சாமான்.

“இது தோலு இல்ல மொதலாளி, கருவாடு.”

நான் வெட்டிய வளையம்தான். எஞ்சின் சூட்டில் சுருண்டு, எண்ணெய் முழுக்கக் கிளச்சில் இறங்கியிருக்கிறது. நம்பாமல், ஆவாரம் பட்டைத் தோலில் ஒரு துண்டை நர்கீஸின் வெந்நீர்ச் சட்டியில் போட்டேன். கொதி வந்ததும் துண்டு பாதியாகச் சுருங்கிற்று. அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டி பாழாய்ப் போனதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று தலைமுறை. கொதிக்கிற தண்ணீரில் எங்கள் தோலைப் போட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

பவுல்ராஜ் சொல்கிறான்: மருந்தில் பதனிடுகிற குரோம் தோல் கொதிதண்ணீருக்கு அசையாதாம். அது எனக்கும் தெரியும். பதனிட்டதும் நீலமாக நிற்கும். எங்கள் ஷாப்பில் அதற்கு இடமில்லை. “நீலத் தோலு நம்ம வாசப்படி ஏறக் கூடாது” என்று அத்தா ஒரு சபதமே வைத்திருக்கிறார்.

அடுப்படியிலிருந்து நர்கீஸ் கேட்டாள்: “மாமா மெட்ராஸ்ல வாங்கின பூட்ஸ மாட்டிக்கிட்டுத் தெனமும் வாசப்படி ஏறுறாங்களே, அது என்ன தோலு?”

நானும் பவுல்ராஜும் திரும்பி, வாசலில் கிடந்த பூட்ஸைப் பார்த்தோம்.

11-5-1960

அத்தாவின் பழைய பூட்ஸ். வலது கால். நாக்குப் பாகத்தில் ஒரு துண்டு வெட்டிச் சட்டியில் போட்டேன் (சட்டி ஏற்கெனவே பாழ்தானே). கால் மணி நேரம் கொதித்தும் அப்படியே கிடந்தது. மிச்சத்தில் வளையத்துக்கு வெட்டியாயிற்று.

12-5-1960

அத்தா ஒற்றைப் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “வெளிய யார்ட்டயும் சொல்லாத” என்றார். பிறகு, “அடுத்த ஜோடி கறுப்புல வாங்கிக் குடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

9-6-1960

ஹஜ்ஜுப் பெருநாள் தோல் மலையாக வந்து குவிகிறது. வண்டிப் பக்கம் போகவே நேரமில்லை.

19-6-1960, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் நர்கீஸ் வெஞ்சனம் வைத்துக்கொண்டே, “நீங்க தோத்துத் தோத்து வண்டி எப்படி இளைச்சுப் போச்சு பாருங்க” என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். நானும் முறைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். கையைக் கழுவாமல் எழுந்து போய்ப் பந்தயச் சீட்டுகளை எடுத்தேன்.

கீழே கிளம்பும் நேரம் ஒரு சீட்டில் எழுதி வாங்குவோம். மேலே போய்ச் சேர்ந்த நேரத்தை டீக்கடை மிக்கேல்ராஜ் அதே சீட்டில் எழுதுவார். இரண்டு கடிகாரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஆனால் எங்கள் இருவருக்கும் அதே கோளாறுதான் என்பதால் சண்டை இல்லை. சீட்டுகளை வரிசையாக வைத்தேன். முதல் தடவை பன்னிரண்டு நிமிஷத்தில் தோற்றிருக்கிறேன். கண்ணாடி போன பிறகு ஒன்பது. டாப்பு போன பிறகு ஆறு. ஸ்டெப்னி போன பிறகு மூன்று. ஐந்தாவது தடவை என்னைத் தோற்கடித்தது சுருளிவேல் இல்லை, என் வளையம்.

பவுல்ராஜைக் கூப்பிட்டனுப்பி, வண்டியைத் தோல்கட்டு நிறுக்கிற தராசு மேடைக்குத் தள்ளினோம். முன் சக்கரம் இரண்டும் ஒரு தடவை, பின் சக்கரம் இரண்டும் ஒரு தடவை. மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பத்து ராத்தல். துரை கொடுத்த காகிதத்தில் ஆயிரத்து எழுநூற்று நாற்பது. இரண்டு தடித்த ஆட்களை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன். அவர்களை ஒவ்வொருத்தராக இறக்கிவிட்டது சுருளிவேல். என்னே உபகாரம்.

நர்கீஸ் தராசைப் பார்த்தாள். “இன்னும் எதக் கழட்டப் போறீங்க?”

“உன் சீட்ட.”

“அப்ப நான் எங்க உக்கார்றதாம்?”

“சாக்குல.”

ஸ்பேனரை எடுத்து நீட்டியது அவள்தான்.

28-8-1960

பின் மட்கார்டு, தரை விரிப்பு, பக்கத்து சீட்டு, ஹாரன், எல்லாம் கழற்றியாயிற்று. ஆயிரத்து முந்நூற்று இருபது ராத்தல். புது வளையம் ஒரு சொட்டு விடவில்லை. இரண்டு தடவை சிறுமலை அடிவாரம் வரை விரட்டிப் பார்த்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. போனால் எஞ்சின், எஞ்சின் போனால் வண்டி.

4-9-1960, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்.

முதலில் சுருளிவேல் கிளம்பினான், பத்து நிமிஷம் கழித்து நான். என் வண்டியைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. “பாத்து வாங்க, மேல தூத்தலா இருக்கும். உங்களுக்குக் கண்ணாடி வேற இல்லீங்களே” என்று கரிசனம். டம் டம் பாறை வந்தது. காலை அழுத்தினேன், வண்டி பிடித்து இழுத்தது. அத்தாவின் பூட்ஸ் கைவிடவில்லை. மேலே ஊத்து கிராமத்துப் பக்கம் தூறல் ஊசியாகக் குத்திற்று. கண்ணை இடுக்கிக்கொண்டே ஓட்டினேன். வளைவுக்கு வளைவு வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் திரும்புகிறது. தனியாகக் கத்திக்கொண்டே ஏறினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

பெருமாள்மலையில் அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தம்ளர் அந்தரத்தில் நின்றது. மிக்கேல்ராஜ் இரண்டு சீட்டையும் வாங்கி, விரல் விட்டு எண்ணி, மறுபடி எண்ணி, “ஆறு நிமிஷம். திண்டுக்கல்லு வண்டி” என்றார்.

ஆறு நிமிஷம்.

சுருளிவேல் நல்ல மனுஷன். கோபப்படவில்லை. “என்ன சாமான் வேணுங்க? கண்ணாடியா? உங்க கதவையே திருப்பிக் கேட்டுக்குங்க” என்றான். கதவைப் பற்றி அவன் பேசியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

“ஸ்டியரிங்.”

அவன் சிவப்பு வண்டியைப் பார்த்தான். பிறகு கீழே இறங்குகிற ரோட்டைப் பார்த்தான். “அப்பறம் நான் எப்படிங்க வீட்டுக்குப் போவேன்?”

“பச்சையில வாங்க. சிரமம் பாக்காம அத மட்டும் கழட்டிக் குடுத்துருங்க.”

கழற்றினான். மழையில் நின்று, தன் கையாலேயே. வண்டியை டீக்கடைக்குப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, சீட்டு இல்லாத என் வண்டியில், சாக்கின் மேல் சம்மணம் போட்டு, எருமைத்தோல் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மடியில் எனக்காகக் கொண்டுவந்த கொய்யாக் கூடை. கீழே காட்ரோடு வந்ததும் ஒரே ஒரு கேள்வி: “உங்க வண்டி என்ன எடைங்க இப்ப?”

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

5-9-1960

ஸ்டியரிங் ஷாப்பு ஆணியில் தொங்குகிறது. அத்தா போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். பூட்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை.

15-1-1961, ஞாயிறு

அடுத்த பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. இன்று காலை ஆயக்குடியிலிருந்து ஒரு லாரி வந்து வாசலில் நின்றது. பின்னால் வைக்கோல் பரப்பி, என் முன்கண்ணாடி, டாப்பு, ஸ்டெப்னி, இரண்டு கதவு, முன் மட்கார்டு, எல்லாம் ஒரு கீறல் இல்லாமல், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று. மேலே ஒரு கூடை கொய்யா. கூடவே கடிதம்: ‘நமக்குள் என்ன இருக்கிறது? நட்புக்காகத் திருப்பி அனுப்புகிறேன். மறுக்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும்.’

அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “தங்கமான மனுஷன்டா” என்றார்.

லாரி டிரைவரிடம், முதலாளி சௌக்கியமா, சிவப்பு வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன். “ஆசாரிகிட்டச் சொல்லி மரத்துல ஸ்டியரிங் செஞ்சு மாட்டியிருக்காருங்க” என்றான். “போன மாசந்தான் அந்தச் செவப்பு வண்டியோட கதவு, கண்ணாடி எல்லாத்தையும் கழட்டிப் பரண்ல போட்டாருங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு.”

நர்கீஸ் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவைத் தட்டிப் பார்த்தாள். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்து, முடியாமல் விட்டாள். என் பக்கம் திரும்பி, “இம்புட்டும் சேந்து முந்நூத்து முப்பது ராத்தல் வருமுல்ல?” என்றாள்.

கொய்யாவை மட்டும் இறக்கிக்கொண்டு லாரியைத் திருப்பி அனுப்பினோம்.