சேய்போ மரத்தடியில் ஃபெர்மினுக்கு ஓர் இடம்

மான்டெவிடியோ
மார்ச் 14

அன்புள்ள ஹிமேனா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது மால்மோவில் பனி இளகத் தொடங்கியிருக்கும். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இங்கே வெயில் தணிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வைத்தியரிடம் போகச் சொன்னால், "இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு முழங்கால் வலிக்கலைன்னாதான் டாக்டர்கிட்ட போகணும்" என்கிறார். அடுத்த வீட்டுப் பேபாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது எல்லார் வீட்டுத் தூசியும் தெரிகிறது என்று அலுத்துக்கொள்கிறாள். நீ அப்பாவோடு போனில் பேசும்போது நானும் எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன், அது நம் இருவருக்குமே பழகிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தை அப்படி நின்றபடி சொல்ல முடியாது. உன் அம்மாவின் மரத்தைப் பற்றியது. பயப்படாதே, மரம் நிற்கிறது, ஃபெர்மினும் இருக்கிறான். இரண்டும் இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டுமானால் உன் சம்மதம் வேண்டும், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஃபெர்மின். அம்மா போன அந்தக் குளிர்காலத்தில் நீ கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாய்க்குட்டி என்று அப்பா சொல்வார், அவனுக்கு இப்போது இரண்டு கண்ணும் போய்விட்டன, இடுப்பும் தளர்ந்துவிட்டது. காலையில் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு, மூக்கால் வழி கேட்டுக் கேட்டு, பொதுத் தோட்டத்துக்குப் போய் அம்மாவின் அந்தச் சேய்போ மரத்தடியில் காலைத் தூக்கப் பார்ப்பான், மற்ற கால் தாங்காது, அப்படியே குந்தியபடி முடித்துக்கொள்வான். அவன் மட்டுமில்லை, குடியிருப்பிலுள்ள எல்லா நாய்களுக்கும் அதே மரம்தான், ஒன்று போன இடத்துக்குத்தானே மற்றதும் போகும். இந்தக் கோடையில் தார்தோவின் பேரன், அந்தச் சுருட்டை முடிப் பையன், அங்கே மண்ணில் விளையாடிவிட்டு வயிற்றில் பூச்சியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் குடியிருப்புக் கூட்டத்தில் தார்தோ எழுந்து, "தோழர்களே, ஒண்ணு நாய்ங்களுக்கு ஒழுங்கா ஒரு இடம் பண்ணுங்க, இல்லைன்னா நாய்ங்க வெளிய. அந்த ரெண்டுல ஒண்ணை நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொன்னபோது நானும் கை தூக்கினேன், அவர் சொன்னது நியாயம். மற்ற நாய்களுக்கு எங்காவது ஓர் அண்ணன் வீடு, தங்கை வீடு கிடைக்கும். ஃபெர்மினுக்குத் தாக்குவாரெம்போவில் உன் அத்தையின் பண்ணைதான். கண் தெரியாத கிழ நாயை அவ்வளவு தூரம் ஏற்றிப் போய், அவன் மூக்கு அறியாத ஒரு நிலத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் எழுந்து, தோட்டத்தை நான் வரைந்து தருகிறேன் என்றேன். எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இங்கே இருக்கிறவர்கள் செங்கல் சுமந்து தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள், நானோ, அவர்கள் கட்டி முடித்த வீட்டுக்கு ஒரு பெட்டியும் புத்தகங்களுமாக வந்த லைப்ரரிக்காரி, கூட்டத்தில் கை தூக்குவதோடு என் வேலை முடிந்துவிடும். தார்தோ சும்மா விடுவாரா, "தோழி நோயெலியா லைப்ரரிலேர்ந்து நாய்க்குக் கக்கூஸ் பிளான் கொண்டுவரப் போறாங்க, கை தட்டுங்கப்பா" என்றார், தட்டினார்கள். நான் உடனே ஒன்றும் வரையவில்லை. சில நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து நாய்கள் எங்கே ஓடுகின்றன, எங்கே படுக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரோரமாக அவை ஓடி ஓடிப் புல் செத்த கோடு ஒன்று இருக்கிறதே, அங்கே திரும்பத் திரும்பப் புல் நடுவதை விட்டுவிட்டுச் செங்கல்தூள் கொட்டி அதையே பாதையாக்கிவிடலாம் என்று தோன்றியது. துணிக்கொடியருகே தார்தோவின் மனைவி வளர்த்த அரளிகளை எடுக்கச் சொன்னேன், நாய் மென்றாலும் ஆபத்து, குழந்தை மென்றாலும் ஆபத்து. "பேரனைக் காப்பாத்துங்கடான்னா பொண்டாட்டி செடியைப் பிடுங்குறாங்களே" என்று தார்தோ தெருவுக்கே கேட்கக் கத்தினார், மறுநாள் கையுறை மாட்டிக்கொண்டு அவரேதான் பிடுங்கினார். எல்லாம் சரியாகத்தான் போனது, கழிப்பிடத்தை மட்டும் நான் வாசல் கதவருகே அந்தத் தாழ்ந்த மூலையில் வைத்தேன். ஏன் அங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அம்மாவின் மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, அதுதான் காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மண்வெட்டியோடு வந்தார்கள், அப்பா சோரிசோ இறைச்சி சுட்டுப் போட்டார், முழங்கால் ஆழம் தோண்டி அடியில் உடைந்த செங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் ஆற்று மணல், நடுவில் ஆண் நாய்களுக்காக ஒரு கட்டை. பார்க்க அழகாக இருந்தது. பிறகு மழை வந்தது, தண்ணீர் வடியவே இல்லை. நாய்கள் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பி மரத்தடிக்கே போயின. பேபா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "பொண்ணே, நீ தவளைக்கு நீச்சல்குளம் கட்டியிருக்க" என்றாள். நான் ஃபெர்மினையாவது பழக்கலாம் என்று கழுத்துப் பட்டையைப் பிடித்து அழைத்துப் போனேன், சரிவில் கால் வழுக்கி அவன் அந்தச் சேற்றில் விழுந்துவிட்டான், கத்தக்கூட இல்லை, யார் தள்ளியது என்பதுபோல முகத்தைத் தூக்கிக்கொண்டு கிடந்தான். அப்பா வந்து இரண்டு கையிலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் துடைத்தார்.

மறுநாள்தான் மரத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன், ஹிமேனா. அடிமரத்தில் பட்டை கறுத்து உரிகிறது, கீழ்க் கிளையில் இலை ஓரமெல்லாம் கருகல். இந்த வருடம் பூ குறைவு என்று எல்லாரும் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வெயில் இல்லை. இத்தனை வருடம் எல்லா நாயும் ஒரே அடிமரத்தில் விட்ட மூத்திரம். அது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை, தினமும் பார்க்கிறோம். உன் அம்மா மிர்த்தாவின் மரத்தில் நாய் காலைத் தூக்குகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அவளையே அவமதித்ததாகிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மரியாதையாக, அந்த மரத்தைச் சாகவிட்டுக்கொண்டிருந்தோம். செய்ய வேண்டியது என்ன என்று அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது. மரத்தைச் சுற்றி, கிளை எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு அகலத்துக்கு வேலி போட வேண்டும், கழிப்பிடத்தை அதற்குச் சற்று அப்பால், மரம் நிற்கும் அதே மூலையில் வைக்க வேண்டும். அது மேடு, தண்ணீர் நிற்காது, நாய்களின் மூக்குக்குப் பழகிய இடம், ஃபெர்மினுக்கு நம் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படிகூட இறங்காமல் போகலாம். ஆனால் இதை யார் சொல்வது? வால்டெமாரின் முதல் மனைவிக்காக வைத்த மரத்துக்குப் பக்கத்தில் நாய்க்குக் கக்கூஸ் கட்டலாம் என்று இரண்டாவது மனைவி எழுந்து சொல்வதா? அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டேன். அவர் ஃபெர்மினின் காதைத் தடவிக்கொண்டே, "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அது அனுமதியா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரக் கூட்டத்தில் சொன்னேன். முதலில் மரம் சாகிறது என்பதை, பிறகு இடத்தை. கையிலிருந்த படத்தை மேஜைமேல் விரித்து வைத்தேன். நான் முடித்ததும், சுற்றி வந்துகொண்டிருந்த மாத்தேக் குவளை தார்தோவின் கையிலேயே நின்றுவிட்டது. பழைய ஆட்கள் எல்லாரும் அப்பாவைப் பார்க்கிறார்கள், அப்பா தரையைப் பார்க்கிறார். இனி இந்த மனிதர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். அப்போது பேபாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன், அழுகிறாள் என்றே நினைத்தேன். சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "வால்டெமார், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? செத்தாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஏதாவது சத்தியம் பண்ணியிருக்கோமா என்ன?" என்றாள். அப்பா எழுந்தார். உன் அப்பா கூட்டத்தில் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. வீடு கட்டும் காலத்தில் இங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழிக் கக்கூஸ், கதவுக்குப் பதில் ஒரு கித்தான், அதுவும் காற்றில் பறக்கும். பெண்கள் காலையிலிருந்து அடக்கிக்கொண்டே சிமென்ட் குழைப்பார்களாம். உன் அம்மா, அப்போது அவளுக்கு உன் வயதுகூட ஆகியிருக்காது, கூட்டத்தில் எழுந்து, "எங்களுக்குத் தனியா கக்கூஸ் வர்ற வரைக்கும் ஒரு செங்கல்கூட எங்க கையால நகராது" என்றாளாம். ஆண்கள் சிரித்தார்கள் என்று அப்பா சொன்னபோது தார்தோ குறுக்கே, "சும்மா சொல்லாதய்யா, அதிகமா சிரிச்சவன் நான்தான்" என்றார். மறுநாள் பெண்கள் எல்லாரும் செங்கல் அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்து மாத்தே குடித்துக்கொண்டிருந்தார்கள், மத்தியானத்துக்குள் ஆண்கள் இறங்கி வந்தார்கள். உன் அம்மாவே மண்வெட்டி எடுத்து, பேபாவோடு சேர்ந்து தோண்டினாள், மேட்டு நிலம், தண்ணீர் நிற்காது என்று அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தவளும் அவளே. வீடுகள் முடிந்ததும் குழியை மூடிவிட்டார்கள். அவள் போனபோது அப்பாவும் பேபாவும் அங்கே போய் மரத்தை நட்டார்கள். "அவ மொத மொத ஜெயிச்ச இடம் அது, அதான் அங்க வெச்சோம்" என்று சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்தார். அம்மாவுக்கு அங்கே விழும் சாயங்கால வெயில் பிடிக்கும் என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள், பதினொரு வயதுப் பிள்ளையிடம் வேறு எப்படிச் சொல்வது. பின்னால் வந்த என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். செங்கல் சுமந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியாது. தார்தோ மாத்தேயைக் கீழே வைத்துவிட்டு, "அதே மூலை, அதே சண்டை, மறுபடியும் தோக்குறேன்" என்று கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

நான் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன், ஹிமேனா சரி என்று சொல்லாமல் அங்கே மண்வெட்டி இறங்கக் கூடாது என்று. ஏப்ரல் கடைசிக் கூட்டம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை அவரவர் நாய்க்குப் பின்னால் அவரவர் பையோடு அலைகிறோம். இடத்தை முளை அடித்துக் கயிறு கட்டிக் குறித்து வைத்திருக்கிறேன். மரத்தைச் சுற்றித் தாழ்வாகக் கல் வேலி, அதற்கு வெளியே ரோஸ்மேரி. உள்ளே நிறையத் தண்ணீர் விட்டு மண்ணிலுள்ள உப்பை இறக்க வேண்டும், பிறகு நல்ல எரு. மரத்தின் காய்களையும் அவ்வப்போது கூட்டி எடுத்துவிட வேண்டும், விதை நாய்களுக்கு ஆகாது. வேலிக்கு அப்பால் மணல் படுகை, கட்டை, மூடியுள்ள தொட்டி, ஒரு குழாய், கழுவுவது முறை வைத்து. குழந்தைகள் விளையாடும் பக்கம் புதிய மண். ஃபெர்மினுக்காக நம் வாசலிலிருந்து அங்கே வரை செங்கல் விளிம்பு, திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு லாவண்டர் செடி, வாசனை வந்ததும் திரும்பினால் போதும். மரம் பிழைக்கும் என்று உனக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது, இப்படியே விட்டால் பிழைக்காது என்று மட்டும் தெரியும். உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் தயங்காமல் சொல், வேலியை மட்டும் போடுவோம், ஃபெர்மினுக்கு வேறு வழி தேடுவோம், உன் மேல் ஒருவரும் வருத்தப்படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மாவை எனக்குத் தெரியாது. கூடத்துச் சுவரில் போட்டோவாக, அப்பாவின் மௌனமாக, நீ என்னிடம் பேசாமல் விட்ட வார்த்தைகளாகத்தான் அவளைத் தெரியும். அன்று அந்தக் கூட்டத்தில்தான் முதல்முறையாக அவளோடு ஒரே அறையில் இருந்தேன். சத்தமாகப் பேசுகிறவள், சேறு அப்பிய பூட்ஸ் போட்டவள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப் போயிற்று. இதை உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பனி உறைந்த தெருவில் சைக்கிள் எடுக்காதே, ரொட்டியும் காப்பியுமாக நாளை ஓட்டாதே, சூடாக ஏதாவது சமைத்துச் சாப்பிடு. நீ தொட்ட வேலை நல்லபடியாக முடியட்டும், உன்னைச் சுற்றி உன் மேல் பிரியமுள்ளவர்கள் இருக்கட்டும். அப்பாவின் முத்தங்களும் இதில் உண்டு, பேபாவுடையதும். அப்பா இன்று காலையும் ஃபெர்மினைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கயிறு கட்டிய இடத்தில் இறக்கிவிட்டார், அவன் ஒரு சுற்று சுற்றி, முகர்ந்து, காரியத்தை முடித்துவிட்டு, மரம் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பதில் சொல்ல நீ போன் பண்ணும்போது அப்பாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிடு. இந்த முறை நான் போனை அவரிடம் கொடுத்துவிட்டு நகரமாட்டேன்.

உன் வீட்டிலிருந்து,
நோயெலியா